இன்னும் கொஞ்சம் ஏத்து

முத்தையாபுரத்தில் நாங்கள் குடியேறிய அன்று எங்கள் பீரோ மாடி வாசலில் நின்றுவிட்டது. தூக்கி வந்த இரண்டு பேரும், "உள்ள போவாது போலிருக்கே" என்று வேர்க்க விறுவிறுக்கச் சொன்னார்கள். வீட்டுக்காரர் இரண்டடி பின்னால் போய் நின்றார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பீரோவை ஒரு தரம் பார்த்தார், வாசலை ஒரு தரம் பார்த்தார்.

"தாராளமாப் போவும்," என்றார்.

போகவில்லை. ஒரு விரற்கடை இடித்தது. என் கணவர் பணிவாக, "டேப்பு வச்சு அளந்து பாத்துருவமா அண்ணாச்சி?" என்று கேட்டார். வீட்டுக்காரர் முகத்தில் கோபமே இல்லை. தெரியாத பிள்ளை தெரியாமல் கேட்கிறது என்பதுபோல் ஒரு பார்வை மட்டும்தான்.

"அளவு சரிதான் தம்பி. ஆசாரி நிலைய நெருக்கி வச்சிருக்கான்."

கீழே போய் உளியும் சுத்தியலும் எடுத்து வந்தார். தன் சொந்த வீட்டின் தேக்கு நிலையைத் தானே உட்கார்ந்து செதுக்கினார். பீரோ உள்ளே போனது. அதற்குப் பிறகு எங்கள் கதவு ஒழுங்காகச் சாத்தவில்லை. அதற்கு அவர் கதவைக் குறை சொன்னார்.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்றவர் அவர். குட்டையான, கெட்டியான உடம்பு. சட்டைப்பையில் எப்போதும் ஒரு கறுப்புக் கண்ணாடி இருக்கும், போட்டு ஒருநாளும் பார்த்ததில்லை. வாழ்நாள் முழுக்க மேலே ஒரு கூண்டுக்குள் உட்கார்ந்து, கப்பலின் வயிற்றுக்குள் சரக்கை இறக்கியிருக்கிறார். ஒரு பெட்டியைக்கூட இடித்ததில்லை என்று அவரோடு வேலை பார்த்தவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். எல்லாம் கண் அளவுதான். அந்தக் கண் தரைக்கு வந்த பிறகும் வேலை செய்யும் என்று அவர் நம்பினார். ஆனால் தரையில் அவர் சொன்ன எந்த அளவும் சரியாக இருந்து நான் பார்த்ததில்லை. கேஸ் சிலிண்டரைப் பார்த்து, "இன்னும் பத்து நாள் ஓடும்" என்பார். மத்தியானம் சோறு கொதிக்கும்போது தீர்ந்துபோகும். "அரிசியக் கூடப் போட்டுப் பொங்கிட்டிய" என்பார்.

"கப்பலுக்குள்ள ஊர் உலகத்துச் சரக்கையெல்லாம் இறக்கின மனுசன்," என்று அக்கா, அதாவது அவர் மனைவி, என்னிடம் சொல்வார். "வீட்டுல ஒரு ஆணி நேரா அடிச்சதில்ல."

வீட்டை ஒட்டிப் பக்கவாட்டில் ஒரு கார் ஷெட் பாதியில் நின்றிருந்தது. மூன்று பக்கம் சுவர், பூச்சு கிடையாது, கூரை கிடையாது. சுவரின் தலையில் கம்பிகள் துருப்பிடித்து நீட்டிக்கொண்டிருந்தன. எந்தக் காருக்காக அதைத் தொடங்கினார்களோ அந்தக் கார் வாங்கப்படவே இல்லை. உள்ளே மழையில் நனைந்து கல்லாகிப்போன சிமெண்ட் மூட்டைகள் கிடந்தன. அவற்றின் மேல் அக்கா வத்தல் காயப்போடுவார்.

ஓய்வுபெற்ற கொஞ்ச காலத்தில் அவர் ஒரு காலை எங்களை மாடியிலிருந்து கூப்பிட்டு நிறுத்தி, "இங்கன வண்டிப் பட்டறை போடப்போறேன்" என்று அறிவித்தார்.

"வண்டி வேலை தெரியுமா அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"அதுக்கு மெக்கானிக்கு இருக்கான்லா. நமக்கு வேலை, தூக்கி இறக்குறது."

அதுதான் விஷயம் என்று அப்போதே புரிந்திருக்க வேண்டும். அவருக்கு வண்டி முக்கியமில்லை. எதையாவது தூக்க வேண்டும், பார்த்துப் பார்த்து இறக்க வேண்டும். சும்மா இருந்து கை அரிப்பெடுத்துப் போயிருந்தது.

பழைய இரும்புக் கடையிலிருந்து நான்கு இரும்புத் தூண்களும், உடைத்துப் போட்ட விசைப்படகுகளின் இரண்டு வின்ச்சுகளும் வந்திறங்கின. வின்ச் என்றால் வலை இழுக்க இரும்புக் கயிற்றைச் சுற்றும் உருளை. தூண்களுக்கு நடுவே ஒரு இரும்புத் தட்டு. அதன் மேல் வண்டியை நிறுத்தி, இடது பக்கம் ஒரு வின்ச், வலது பக்கம் ஒரு வின்ச்சால் தூக்க வேண்டும். ஆள் நின்று அடியில் வேலை செய்ய ஆறடி உயரம் போதும். தூண்கள் அதைப்போல இரண்டரை மடங்கு இருந்தன. கடையில் படுக்கப் போட்டிருந்தபோது சின்னதாகத் தெரிந்தனவாம்.

கூரை போட வந்த கொத்தனார் அண்ணாந்து பார்த்தார். "தூணு நாலும் சிலாப்புக்கு மேல நீட்டிக்கிட்டு நிக்குமே அண்ணாச்சி. வெட்டிருவமா?"

"வெட்டாத. தூணு அளவு சரிதான்."

"அப்ப வண்டியத் தூக்கினா சிலாப்புல இடிக்காதா?"

அண்ணாச்சி ஒரு கண்ணை மூடினார். "இடிக்காது."

தூண்களைச் சுற்றி கான்கிரீட் போட்டார்கள். ஷெட்டின் கூரை எங்கள் வாசலுக்கு முன்னால் திறந்த மாடியாக நீண்டது. அதன் நடுவில் நான்கு இரும்புத் தூண்கள் காரணமில்லாமல் முளைத்து நின்றன. "துணி காயப்போட உங்களுக்குத் தோதாப் போச்சு பாத்தியளா," என்றார். உண்மைதான். நான் கொடி கட்டினேன். அந்தக் கான்கிரீட் சிலாப்பு இறுக, அக்கா தினமும் கீழே நின்றபடியே குழாயைப் பீய்ச்சித் தண்ணீர் விட்டார்.

பட்டறையில் முதல் வண்டியாக, தெரு முனையில் டியூஷன் நடத்தும் ஒரு சாரின் காரை ஏற்றினார்கள். தேங்காய் உடைத்து, சூடம் காட்டி, எலுமிச்சம்பழம் நசுக்கிய பிறகு, மெக்கானிக் சேவியர் இரண்டு வின்ச்சுகளின் நெம்புகோல்களையும் பிடித்துக்கொண்டார். சேவியருக்கு நாற்பது வயது இருக்கும். அமைதியானவர், எதற்கும் மறுபேச்சுப் பேசாதவர். கார் மெதுவாக எழும்பியது. ஆறடி ஆனது. சேவியர் நிறுத்தப் போனார்.

"இன்னும் கொஞ்சம் ஏத்து," என்றார் அண்ணாச்சி.

கொஞ்சம் ஏற்றினார்.

"இன்னும் கொஞ்சம். தாழ்வாத்தான் இருக்கு."

நான் மேலே துணி எடுத்துக்கொண்டிருந்தேன். காலுக்கடியில் டமார் என்று ஒரு சத்தம். தரை அதிர்ந்தது. கீழே ஓடிப் பார்த்தால் காரின் தலை சிலாப்பில் போய் ஒட்டியிருந்தது.

எல்லோரும் அண்ணாச்சியைப் பார்த்தார்கள். அவர் சிலாப்பைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"சிலாப்பு தாந்துட்டு," என்றார்.

"என் கார் டாப்பு?" என்று சார் அழாத குறையாகக் கேட்டார்.

"டாப்புக்கு ஒண்ணுமில்ல சார். லேசா அமுங்கிருக்கு. இனிமே காத்தக் கிழிச்சிக்கிட்டுப் போவும்."

மறுநாளே ஆட்கள் வந்து அந்தச் சிலாப்பை உடைக்கத் தொடங்கினார்கள். நான்கு தூண்களுக்கு நடுவே, அந்தக் காரின் அளவுக்கு ஒரு ஓட்டை. அக்கா வாசலில் நின்று தலையில் அடித்துக்கொண்டார். "உடைக்கிறதுக்குத்தானா நான் குழாயப் பிடிச்சிக்கிட்டு நின்னேன்?" கார் அளவுக்கு வெட்டியதால் அடுத்து வந்த ஜீப் போகவில்லை. ஜீப்புக்காக ஒரு பக்கம் வெட்டினார்கள். தலையில் கேரியர் வைத்த ஒரு வேனுக்காக இன்னொரு பக்கம். எங்கள் கொடி தூணிலிருந்து கைப்பிடிச் சுவருக்கு இடம்பெயர்ந்தது. என் கணவர் பிடிவாதமாகச் சொல்லி ஓட்டையைச் சுற்றிக் குழாய்வேலி போட வைத்தார். எங்கள் வாசலைப் பார்த்த பக்கம் மட்டும் வேலிக்குப் பதில் ஒரு சங்கிலி.

இத்தனைக்கும் அவர் கூரை போட்டதிலிருந்து ஒரு முறைகூட மாடிக்கு வந்து பார்க்கவில்லை. எல்லாம் கீழே நின்று சொன்னதுதான். "வாடகைக்கு விட்ட பொறவு மேல உங்க எடம். நான் வந்து எட்டிப் பாக்கது முறையில்ல," என்பார். அந்த மரியாதையில் அவர் அணுவளவும் குறை வைத்ததில்லை. எங்கள் வாசலுக்கு முன்னால் கார்கள் முளைப்பதுதான் அவருக்குத் தப்பாகத் தெரியவில்லை.

ஓட்டை வந்த பிறகு தடுப்பதற்குச் சிலாப்பும் இல்லை. "இன்னும் கொஞ்சம்" என்பதற்கு முடிவே இல்லாமல் போயிற்று. கீழிருந்து பார்க்கையில் எந்த வண்டியும் அவருக்குத் தாழ்வாகவே தெரிந்தது. காலையில் கோலப்பொடியோடு கதவைத் திறந்தால் தரையிலிருந்து ஒரு காரின் தலை முளைத்திருக்கும். சில நாள் முழுக் காரே நிற்கும். பிறகு சேவியர் யாரையும் கேட்காமல் மெல்ல ஆறடிக்கு இறக்கி வேலையைத் தொடங்குவார். எனக்கும் பழகிவிட்டது. பேருந்துக்கு ஓடும் அவசரத்தில் எத்தனையோ நாள் யாருடைய காரிலோ முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஒரு விடுமுறை நாளில் அப்படி ஒரு கார் வந்து நின்றது. நான் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். காரின் பின்கதவு தானாகத் திறந்தது. வேட்டி கட்டிய ஒரு பெரியவர் தூக்கக் கலக்கத்தோடு காலை வெளியே வைத்தார். நான் கத்தியைப் போட்டுவிட்டு ஓடிச் சங்கிலியைக் கழற்றி அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"எம்மா, இது எந்த ஊரு?"

"முத்தையாபுரம் தாத்தா."

"திருச்செந்தூர் வரலியா இன்னும்?"

குடும்பத்தோடு கோயிலுக்குப் போகிறவர்கள். பிரேக்கில் ஏதோ சத்தம் என்று வண்டியை விட்டுவிட்டு மற்றவர்கள் டீ குடிக்கப் போயிருக்கிறார்கள். பின்சீட்டில் சுருண்டு தூங்கியவரை ஆளாளுக்கு மற்றவர் கூட்டிப்போயிருப்பார் என்று நினைத்துவிட்டார்கள்.

"பிள்ளைய எல்லாம் எங்க?"

"கீழ இருக்காங்க தாத்தா."

"கீழன்னா?"

காருக்கும் சிலாப்புக்கும் நடுவே இருந்த இடைவெளியைக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார். டீ குடித்துவிட்டு வந்த மருமகனின் வழுக்கைத் தலை நேர் கீழே தெரிந்தது.

"மாப்ளே!"

மருமகன் நாலாபக்கமும் தேடினார். தெருவைப் பார்த்தார், வீட்டுக்குள் பார்த்தார், சேவியரின் முதுகுக்குப் பின்னால்கூடப் பார்த்தார். மேலே மட்டும் பார்க்கவில்லை.

பெரியவர் சலித்துப்போய் என் கையால் காப்பி வாங்கிக் குடித்தார். பிறகு எங்கள் படி வழியாக இறங்கிப்போனார். அண்ணாச்சி அவரைத் தெருவில் வருகிற ஆள் என்று நினைத்து நாற்காலியைத் தட்டிப்போட்டார்.

"வாங்க, இரிங்க. எந்த வண்டி?"

"அந்தா மேல நிக்கில்லா, அதான்."

"நீங்க எப்ப வந்திய?"

"அதுக்குள்ளதான்யா இருந்தேன்."

அண்ணாச்சி அவரை மேலும் கீழும் பார்த்தார். "ஆளு ஒல்லி," என்று சேவியரிடம் சொன்னார். "அதான் வண்டி கனம் தெரியல."

இப்படியே போயிருந்தால் அவரைப் பற்றிச் சிரிப்பதற்கு மட்டும்தான் இருந்திருக்கும். தருவைகுளத்து மீன்கார அம்மாவின் வண்டி வந்த அன்று நிலைமை மாறியது.

அந்த அம்மா கடற்கரையில் ஏலம் எடுத்து வெளியூருக்கு மீன் அனுப்புகிறவர். சொந்தமாக ஒரு சின்ன லோடு வண்டி, முதுகில் தார்ப்பாய் கட்டிய இரும்புச் சட்டம். பெட்டி பெட்டியாக ஐஸ் போட்ட மீனோடு தெற்கே போகிற வழியில், பின்சக்கரத்தில் கடமுடவென்று சத்தம் கேட்டு எங்கள் தெருவுக்குள் திரும்பியிருக்கிறார்.

"லோட இறக்கிட்டு ஏத்துவோம் அண்ணாச்சி," என்றார் சேவியர். அவர் மறுபேச்சுப் பேசி நான் கேட்டது அன்றுதான்.

"எதுக்கு? அப்படியே போவும். அஞ்சு நிமிச வேலை."

வண்டி ஏறியது. இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம். தார்ப்பாய்ச் சட்டம் ஓட்டையின் விளிம்பில் ஒரு நொடி மாட்டி, நெளிந்து, பட்டென்று மேலே வந்துவிட்டது. வந்த வேகத்தில் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சட்டத்தின் ஒரு கால் எங்கள் மாடித் தரையின் மேல் ஊன்றி நின்றுகொண்டது. இனி இறக்கினால் வண்டி கவிழும். ஏற்றவும் அதிக இடமில்லை. ஒரு பக்கத்துக் கயிறு முறுக்கேறி நின்றது, மறுபக்கம் தொய்ந்து கிடந்தது. சேவியர் எல்லோரையும் அடியிலிருந்து வெளியே தள்ளினார்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஐஸ் கரைந்து ஓட்டை வழியாகச் சொட்டத் தொடங்கியது. அண்ணாச்சி அண்ணாந்து நின்றுகொண்டிருந்தார். 

"எய்யா, எம் மீனு!" என்று அந்த அம்மா அலறினார். "மாதாவே, அம்புட்டும் நாறிப்போவுமே! ஏலச் சனத்துக்கு நான் என்ன பதில் சொல்ல?"

பிறகு அழுவதை நிறுத்தினார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எங்கள் படியில் ஏறி வந்தார். வண்டியின் பக்கக் கதவு எங்கள் வாசலைப் பார்த்திருந்தது. என்னைப் பார்த்து, "ஏளா, பெரிய குண்டான் இருந்தா எடு," என்றார். சாய்ந்த வண்டியில் கனம் அசையாமல், கதவோரத்துப் பெட்டிகளை ஒவ்வொன்றாக நாங்கள் இழுத்து வெளியே வைத்தோம். சங்கிலிக்கு இந்தப் பக்கம், எங்கள் கோலத்தின் மேல், சீலாவும் பாறையும் விளமீனும் வரிசையாக வந்து உட்கார்ந்தன. அந்த அம்மா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்துக் குரல் கொடுத்தார். கடற்கரைக் குரல். இரண்டு தெரு தாண்டிக் கேட்டிருக்கும்.

அரை மணி நேரத்தில் படியில் கூட்டம் நெரிந்தது. டியூஷன் சார் தூக்குவாளியோடு வந்தார். ஷிஃப்ட் முடிந்து வந்த அனல்மின் நிலையத்து ஆட்கள் சீருடையோடு வந்தார்கள். காக்காய் வந்தது, பூனை வந்தது. என் கணவர் காலையில் வேலைக்குப் போன இடத்திலிருந்து மத்தியானம் வந்து, தன் வீட்டு வாசலில் மீன்சந்தை நடப்பதைக் கண்டு, வரிசையில் நிற்பதா உள்ளே வருவதா என்று தெரியாமல் படியிலேயே நின்றார். பெரிய மீன்கள் எல்லாம் விற்றுப்போய்விட்டன. வண்டி மட்டும் அப்படியே சாய்ந்து நின்றது.

அப்போதுதான் அண்ணாச்சி மேலே வந்தார். படியின் கடைசியில் செருப்பைக் கழற்றினார்.

"எம்மா, ஒரு நிமிசம் உள்ள வரலாமா?"

"உங்க வீடுதான அண்ணாச்சி?"

வந்தார். வேலியைப் பிடித்துக் குனிந்து ஓட்டைக்குள் பார்த்தார்.  அவர் தோள் தளர்ந்து இறங்கியதை நான் பார்த்தேன். வழக்கமாக மூடும் அந்த ஒரு கண்ணை அவர் மூடவில்லை.

"சேவியரு," என்றார். அதட்டல் இல்லை. பக்கத்தில் இருப்பவரிடம் பேசுகிற குரல். "எடது பக்கம் ரெண்டு விரக்கட ஏத்து. நிறுத்து. இன்னும் ஒரு நூலு. நிறுத்து. வலது பக்கம் இறக்கு. அப்படியே வா. வா. போதும்."

நெளிந்த சட்டத்தின் கால் தரையைவிட்டு ஒரு நூல் மேலே எழும்பியது. வண்டி நிமிர, கால் ஓட்டைக்குள் திரும்பியது. அவர் கையை மட்டும் லேசாக அசைத்துக்கொண்டே இருந்தார். ஓட்டையின் நான்கு பக்கமும் ஒரே அளவு இடைவெளி விட்டு, எதிலும் உரசாமல், அந்த வண்டி இறங்கிப்போனது. கீழே தட்டு தரையைத் தொட்ட சத்தம்கூடக் கேட்கவில்லை. மீன் வாங்க வந்தவர்கள் பையோடு வாய் பிளந்து நின்றார்கள்.

அண்ணாச்சி நிமிர்ந்தார். வியர்வையைத் துடைத்தார்.

"மேல இருந்து பாத்தா எல்லாம் சரியாத்தான இருக்கு," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

மீன்கார அம்மா, மிஞ்சிய ஒரு பாறை மீனை அவர் கையில் வைத்துவிட்டு, "நல்லா இருப்பே. ஆனா இனிமே எவன் வண்டியயும் கீழ நின்னு தூக்காத," என்று சொல்லிப் போனார்.

அன்று சாயங்காலம் அண்ணாச்சி படியடியில் நின்று என்னைக் கூப்பிட்டார். தயங்கித் தயங்கி, "மேல உங்க வாசல்ல ஒரு நாற்காலி போட்டுக்கிடட்டா?" என்று கேட்டார். வீட்டுச் சொந்தக்காரர் குடியிருக்கிறவளிடம் இடம் கேட்கிறார். நான் என்ன சொல்ல?

அதற்குப் பிறகு பட்டறை கீழே நடந்தது, முதலாளி மேலே உட்கார்ந்திருந்தார். ஓட்டையின் ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, தூணில் கட்டிய ஒரு குடை. வண்டி கொண்டுவருகிறவர்கள், "அண்ணாச்சி எங்க?" என்று கேட்டால் சேவியர் விரலை மேலே காட்டுவார். அவர்கள் வானத்தைப் பார்த்துத் தங்கள் குறையைச் சொல்வார்கள். குரல் மேலிருந்து வரும். புதிதாக வந்த ஒருவர் பயந்துபோய்க் கையெடுத்துக் கும்பிட்டதை நானே பார்த்தேன். ஆனால் அதற்குப் பிறகு ஒரு வண்டிகூட எதிலும் இடிக்கவில்லை. "இன்னும் கொஞ்சம்" என்பதை அவர் மறந்தேபோனார். ஆறடி என்றால் ஆறடியில் நிற்கும். எங்கள் வாசலில் கார் முளைப்பதும் நின்றது. சில காலைகளில் வெறுமையாகத் தெரிந்த அந்த ஓட்டையைப் பார்த்து எனக்கு என்னவோபோல் இருந்ததை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

எங்கள் வீட்டுப் பக்கம் அவர் திரும்பவே மாட்டார். முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார். நான் வெளியே வந்தால் ஒரு செருமல், அவ்வளவுதான். என் கணவருக்கு வேறு ஊருக்கு மாற்றலாகி நாங்கள் கிளம்பும்வரை அப்படித்தான் இருந்தார். நாங்கள் போன பிறகு மாடியை அவர் யாருக்கும் வாடகைக்கு விடவில்லை என்று சேவியர் ஒருமுறை தொலைபேசியில் சொன்னார்.

கிளம்புவதற்குச் சில மாதங்களுக்கு முன் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அந்தச் சமயம் அக்காவுக்கு முழங்கால் வலி அதிகமாகியிருந்தது. மாடிப்படி ஏறி வருஷக்கணக்காகிறது என்று சொல்வார். ஒருநாள் நான் பேச்சுவாக்கில், மேலே நின்றால் உப்பளமும் அதற்கப்பால் துறைமுகத்துக் கிரேன்களும் தெரியும் என்று சொல்லிவிட்டேன். அக்கா பூ கட்டுவதை நிறுத்தினார்.

"கிரேனு தெரியுமா?"

"நல்லாத் தெரியும் அக்கா. நீங்க பாத்ததில்லியா?"

"வீட்டு ஆள எல்லாம் ஹார்பருக்குள்ள விட மாட்டாவளே. இவிய எங்க உக்காந்திருந்தாவன்னே எனக்குத் தெரியாது."

அதை நான் அண்ணாச்சியிடம் சொன்னேன்.  மறுநாள் காலை, சாத்தான்குளத்துக்காரர் ஒருவர் வேலைக்கு விட்டிருந்த வெள்ளைக் கார் தட்டின் மேல் நின்றது. வேலை முடிந்து துடைத்து வைத்த கார். அக்கா அதன் முன்சீட்டில் மடியில் கையைக் கோத்துக்கொண்டு, ஊருக்குப் போகிறவர்போல் உட்கார்ந்திருந்தார்.

அண்ணாச்சி மேலே நாற்காலியில் இல்லை, நின்றுகொண்டிருந்தார். "சேவியரு, மெல்ல," என்றார். அத்தனை மெதுவாக ஒரு வண்டி ஏறி நான் பார்த்ததில்லை. முதலில் காரின் தலை தெரிந்தது. பிறகு கண்ணாடிக்குப் பின்னால் அக்காவின் நெற்றி, கண், கெட்டியாக மூடிய வாய். "வா. வா. வா. போதும்." காரின் கதவடியும் எங்கள் மாடித் தரையும் ஒரே மட்டத்தில் வந்து நின்றன. நடுவில் ஒரு சீப்பு நுழையாது. அவர் சங்கிலியைக் கழற்றிக் கதவைத் திறந்தார். அக்கா படி ஏறாமல், இறங்காமல், நேராக எங்கள் வாசலுக்கு நடந்து வந்தார்.

வந்ததும் கடலைப் பார்க்கவில்லை. "தண்ணித் தொட்டிய ஏன் தொறந்து போட்டிருக்கு? காக்கா வாய வைக்காதா?" என்று என்னைக் கேட்டார். கைப்பிடிச் சுவரில் விரலை ஓட்டித் தூசியைப் பார்த்தார். பிறகுதான் அண்ணாச்சியின் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எது?"

அண்ணாச்சி கையை நீட்டினார். "அன்னா, வெள்ளையா உப்புக் குமிஞ்சிருக்குல்லா, அதுக்கு நேர மேல. மஞ்சளா நிக்கி பாரு. உச்சியில ஒரு கூண்டு."

அக்கா கையைப் புருவத்தில் வைத்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"அங்கனயா? ஒத்தையிலயா?"

"ஆமா."

"சோறு எப்படிச் சாப்பிட்டிய?"

"கயித்துல கட்டி விடுவாவ. மேல இழுத்துக்கிடுவேன்."

"நான் குடுத்துவிட்ட கொழம்பெல்லாம் சிந்தியிருக்குமே."

"சிந்தும். காத்து அடிக்கும்லா."

"ஒருநாளாவது சொன்னியளா? மூடி இறுக்கமா இருக்க தூக்கா வாங்கியிருப்பேனே."

  குடையை அக்கா பக்கமாகச் சாய்த்துவிட்டு அண்ணாச்சி வெயிலில் நின்றார். நான் இரண்டு பேருக்கும் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். சாத்த முடியாத கதவு வழியாக எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. காப்பி உறிஞ்சுகிற சத்தம் மட்டும்தான் வந்தது.

பதினொரு மணிபோல் கீழே சாத்தான்குளத்துக்காரர் வந்துவிட்டார். கல்யாணத்துக்குப் போகிற அவசரம், பட்டுவேட்டி. சேவியர் விரலை மேலே காட்டினார். அவர் அண்ணாந்து, "அண்ணாச்சி! நம்ம வண்டி எப்பக் கீழ வரும்?" என்று கத்தினார்.

அண்ணாச்சி அக்காவைத் திரும்பிப் பார்த்தார். அக்கா புருவத்தில் வைத்த கையை இன்னும் எடுக்கவில்லை. அண்ணாச்சி வேலியைப் பிடித்துக் குனிந்தார்.

"தெரியலியே," என்றார்.